ஐந்தடியிலிருந்து உணவங்காடிக்கு: சிங்கப்பூர் தெருவணிகம் இடம்பெயர்ந்த வரலாறு

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி ஒன்று தெரு நெடுக ஓடும். அதன் பெயர் ஐந்தடி. ஒவ்வொரு வீட்டின் முன்பும் எப்போதும் திறந்திருக்கும் தாழ்வாரம் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் நகரமைப்புக் குழுவுக்கு எழுதியதிலிருந்து பிறந்த வழி அது. வெயிலிலும் மழையிலும் மக்கள் ஒதுங்கி நடப்பதற்காக விடப்பட்ட இடத்தில் கடைக்காரர் மூட்டையை இறக்கினார், முடிதிருத்துநர் நாற்காலியைப் போட்டார், சோறும் குழம்பும் விற்பவர் அடுப்பை மூட்டினார். 1888 பிப்ரவரியில் நகராட்சி ஐந்தடிகளைக் காலிசெய்ய முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் மூண்டது. நடப்பதற்கு வழி விட்டால் போதும் என்று நகராட்சி இறங்கிவர வேண்டியதாயிற்று.

அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆட்சியாளர்கள் இதே சிக்கலைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள், அபராதம் விதித்தார்கள், உரிமம் கேட்டார்கள். வணிகர்கள் ஒரு சந்திலிருந்து விரட்டப்பட்டால் மறு சந்தில் முளைத்தார்கள். சுகாதாரக் குற்றமாகவும் போக்குவரத்து இடையூறாகவும் மட்டுமே இதைப் பார்த்தவரை தீர்வு கிடைக்கவில்லை. நகரத்தில் இவர்களுக்கு எங்கே இடம் என்று கேட்டபோதுதான் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கேள்வியின் தொடக்கம் 1920களிலேயே தெரிகிறது. நகராட்சி அப்போது ஒருசில இடங்களில் தெருவணிகருக்கெனக் கொட்டகைகள் கட்டியது. ஆனால் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அவை மிகச் சொற்பம். போருக்குப் பின் வேலையின்மை பெருகியது. கூடையும் காவடித்தடியும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் தெருவில் இறங்கியவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. 1950இல் பொருளியல் பேராசிரியர் சில்காக் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், தெருவணிகத்தைத் தொல்லை என்று மட்டும் பார்க்காமல், ஏழைகளுக்கு வேலையும் மலிவான உணவும் தரும் தொழிலாகவும் எடைபோட்டது. விரட்டுவதைவிட ஒழுங்குபடுத்துவதே வழி என்ற எண்ணத்துக்கு அரசு ஆவணத்தில் இடம் கிடைத்தது. அது செயலாக மாற இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

விடுதலைக்குப் பின் 1968, 69 ஆண்டுகளில் தீவு முழுவதும் ஒரு பதிவு இயக்கம் நடந்தது. சுமார் 18,000 தெருவணிகருக்குத் தற்காலிக உரிமம் தரப்பட்டது. முதன்மைச் சாலைகளிலிருந்து பின்சந்துகளுக்கும் வாகன நிறுத்துமிடங்களுக்கும் காலி மனைகளுக்கும் அவர்கள் மாற்றப்பட்டார்கள். இந்த வரிசை முக்கியமானது. இடித்துவிட்டு மாற்றிடம் தேடவில்லை. முதலில் ஆளை எண்ணினார்கள், உரிமம் தந்தார்கள், பின்னரே கட்டத் தொடங்கினார்கள். பதிவேட்டில் பெயர் ஏறிய வணிகருக்கு மாற்றிடம் கேட்கும் தகுதி வந்தது. உலகின் பல நகரங்களில் தெருவணிகரை அகற்றும் பணி முறிந்துபோவது இந்த வரிசை தலைகீழாவதால்தான்.

1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்தன. குழாய் நீர், கழிவுநீர் இணைப்பு, மின்சாரம், குப்பை அகற்ற ஏற்பாடு என்று தெருவில் கிடைக்காத அனைத்தும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பல இடங்களில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையும் சமைத்த உணவுக் கடைகளும் ஒரே கட்டடத்தில் அமைந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய பேட்டைகளை வரைந்தபோது பள்ளியையும் பேருந்து நிலையத்தையும் போலவே சந்தைக்கும் உணவங்காடிக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்கியது. மாடிவீட்டிலிருந்து இறங்கி நடந்தே போய்ச் சாப்பிடலாம், அல்லது ‘தாபாவ்’ சொல்லிப் பொட்டலம் கட்டி வாங்கிவரலாம். வாடிக்கையாளரே இல்லாத ஒதுக்குப்புறத்தில் இந்த நிலையங்களைக் கட்டியிருந்தால் எத்தனை குழாய் போட்டும் பயனிருந்திருக்காது.

சிங்கப்பூர் ஆற்றின் தூய்மைப் பணி இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டு இலக்கு வைத்தார். எண்ணெயும் எச்சிலும் வடிகால் வழியே ஆற்றில் கலந்ததால், நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த ஏறத்தாழ 5,000 வணிகர்கள் இடம் மாற்றப்பட்டார்கள்.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றின் மிக நெருக்கமான பக்கம் தேக்கா. 1915இல் சிராங்கூன் சாலையில் திறந்த சந்தைக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று பெயர். மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த ‘தேக்கா’ என்ற பெயரே தமிழர் வாயில் நிலைத்தது. 1982இல் சந்தை சாலைக்கு மறுபுறம் புதிய கட்டடத்துக்குப் போனது. கீழே ஆட்டிறைச்சியும் முருங்கைக்காயும் வாழையிலையும், பக்கத்தில் பிரியாணியும் ரொட்டி பரோட்டாவும், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். அதிகாரிகள் அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். மக்களோ தேக்கா என்றே சொன்னார்கள். 2000இல் அரசே பழைய பெயருக்குத் திரும்பியது. இதைச் சிறு செய்தியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு சந்தையைப் புதிய கட்டடத்துக்குப் பெயர்த்து வைக்க முடிந்தது, அதன் பெயரைப் பெயர்க்க முடியவில்லை.

இழப்புகளையும் பதிவு செய்தாக வேண்டும். தலையில் தட்டு ஏந்திக் கச்சாங் பூத்தே என்னும் கடலைத் தின்பண்டம் விற்ற தமிழர்கள் நடமாடும் வணிகர்கள். ஓரிடத்தில் நிற்கும் கடையாகத் தொழிலை வரையறுத்த திட்டத்தில் அவர்களின் நடைக்கு இடமில்லை. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்குக் கிடைத்த சலுகை வாடகையும் அவர்களோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. புதியவர்கள் ஏலத்தில் போட்டியிட வேண்டும். 2012இல் அடிப்படை வாடகை வரம்பை அரசு நீக்கியதால் மிகக் குறைந்த தொகைக்கும் கடை கிடைக்கிறது. ஆனால் நல்ல இடத்துக்கு விலை ஏறத்தான் செய்கிறது. 2024இல் மரீன் பரேடில் ஒரு கடைக்கு மாத வாடகையாக 10,158 வெள்ளிக்கு ஏலம் கேட்கப்பட்டது.

1986க்குப் பின் கால் நூற்றாண்டு ஓய்ந்திருந்த கட்டுமானப் பணி 2011இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. புதிய நிலையங்கள் சிலவற்றின் நிர்வாகம் சமூக நிறுவனங்களிடம் தரப்பட்டது. வணிகர்மீது அவை ஏற்றிய கூடுதல் கட்டணங்கள் 2018இல் பெரும் விவாதமாயின. 2020 ஏப்ரல் தொடங்கி நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டில் மேசைகள் மூடப்பட்டு, பொட்டலம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பட்டியல் காப்பது கலாசாரத்தின் பெயரை. கடையைக் காப்பது வாடகை. 1968இல் ஆளை எண்ணி உரிமம் தந்த அதே அக்கறையோடு, இன்று அடுப்படியில் நிற்க முன்வரும் இளையவர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகையை அரசு உறுதிசெய்ய வேண்டும்.