லூப் எங்கே போனது? செக்ரோலில் இருந்து தாயம் வரை ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பைதான் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், நாங்க கஷ்டப்பட்டு லூப் எழுதப் படிச்சம். கம்பஸ்ல படிக்கிற அண்ணாமார் லூப் எழுதாதீங்க, முழு அட்டவணையையும் ஒரே தடவையில செய்யுங்க என்கிறாங்க. எது சரி?" இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்காது. இதன் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு துண்டு எங்கள் மலையகத்துக்கும் சொந்தமானது.

முதலில் எங்கள் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். கலஹாவில் செக்ரோல் தெரியாத வீடு குறைவு. ஒரு தோட்டத்தில் 240 பேர், மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். நிரை ஒவ்வொன்றும் ஓர் ஆள், நிரல் ஒவ்வொன்றும் ஒரு நாள். மொத்தம் 6000 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அன்று நிறுத்த கொழுந்தின் கிலோ. உதாரணத்துக்கு, 18 கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர்.

கணக்கப்பிள்ளை செய்வது லூப். முதல் ஆளின் முதல் நாளைப் பார்ப்பார், 18 உடன் ஒப்பிடுவார், குறிப்பார், அடுத்ததுக்குப் போவார். இப்படி 6000 தடவை. அல்கோரிதம் என்ற சொல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று நாங்கள் பெருமையோடு சொல்வோமே, அந்தப் படிப்படியான வேலைதான் இது.

மற்ற வழியில், முழுப் புத்தகத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்கிறோம்: "18 அல்லது அதற்கு மேலா?" பதிலாக அதே அளவில் இன்னோர் அட்டவணை வரும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. அந்த 240 × 25 தாயத்தை, 25 ஒன்றுகள் மட்டும் உள்ள ஒரு நிரல் தாயத்தால் பெருக்கினால் 240 எண்கள் கிடைக்கும். ஒவ்வோர் ஆளுக்கும் எத்தனை முழுப் பேர் என்பது அதுதான். (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தாயத்தை அணி என்று எழுதுவார்கள். குழம்ப வேண்டாம்.)

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்களுக்குப் பக்கத்து லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தோன்றி, பின்பு தலவாக்கலையில் நிலைகொண்டது. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் டி. ஈடன். அதற்கு முன் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். நவீன புள்ளிவிபரவியலின் பெரிய பெயரான ஆர். ஏ. பிஷருடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர். தேயிலை வயல் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை வரும் என்பது பற்றி 1931 இல் அவர் எழுதிய கட்டுரை ஓர் ஆங்கில விவசாய ஆய்விதழில் வெளிவந்தது.

அவர்களுக்கு இருந்த பிரச்சினை இலகுவானதல்ல. ஒரு துண்டு நிலத்துக்கு உரம் போட்டுக் கொழுந்து கூடினால், அது உரத்தாலா, மண்ணாலா, சரிவாலா? பிஷர் தந்த விடை: நிலத்தைத் தொகுதிகளாகப் பிரி, உரங்களைக் குலுக்கல் முறையில் போடு, பிறகு நிரைக் கூட்டல், நிரல் கூட்டல், வர்க்கங்களின் கூட்டல் என்று மாறுபாட்டைப் பகுத்துப் பார். சிந்தனை முழு அட்டவணையைப் பற்றியது. செய்கை மட்டும் கட்டம் கட்டமாகத்தான். ரொதாம்ஸ்டெட்டில் அதற்கு இருந்தது 'மில்லியனர்' என்ற பெயருடைய கைப்பிடி சுற்றும் இயந்திரம். இலத்திரனியல் கணினி அங்கு வந்தது 1954 இல். அதுவரை லூப்பை ஓட்டியது மனிதர்களின் கையும் கண்ணும்.

கணினி வருவதற்கு முன்பே எழுத்தில் லூப் மறையத் தொடங்கிவிட்டது. தாயம் என்ற எண்ணத்துக்கு 1850 இல் சில்வெஸ்டர் பெயர் வைத்தார். 1858 இல் கெய்லி அதற்குக் கூட்டல், பெருக்கல் விதிகளை எழுதினார். 1935 இல் நியூசிலாந்தில் பிறந்து எடின்பரோவில் கற்பித்த ஏ. சி. எய்ட்கென், இழிவு வர்க்க முறையைத் தாயங்களில் எழுதினார். பக்கம் பக்கமாக நீண்ட கூட்டல் குறிகள் ஒரு வரிக்குள் அடங்கின. மூன்று மாறிகளுக்கும் முப்பது மாறிகளுக்கும் அதே வரிதான்.

அந்த வரியை அப்படியே கணினிக்குச் சொல்ல முடியாதா? கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் கேட்ட கேள்வி அது. 1962 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்திலிருந்து ஏபிஎல் மொழி பிறந்தது. அதில் ஒரு பட்டியலைக் கூட்ட லூப் வேண்டாம், இரண்டு குறிகள் போதும். 1979 இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்த ஏற்புரையில் அவர் வாதிட்டது, நல்ல குறியீடு சிந்தனைக்கே கருவி என்பதைத்தான்.

1976 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் தோழர்களும் எஸ் என்ற மொழியைத் தொடங்கினார்கள். மேலே மனிதர் எழுத இலகுவான கட்டளை, கீழே கணக்கைச் செய்யும் போர்ட்ரான் செய்நிரல்கள். அந்தக் கீழ்வேலைக்கென்று பிளாஸ் என்ற பொதுத் தொகுப்பு 1979 இல் காவிகளுக்கும், 1988 இல் தாயமும் காவியும் சேரும் பெருக்கலுக்கும், 1990 இல் தாயமும் தாயமும் சேரும் பெருக்கலுக்கும் வந்தது. 1990களில் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் எஸ் மொழியின் வழியில் ஆர் மொழியைக் கட்டினார்கள். 2000 பெப்ரவரி 29 இல் அதன் முதலாம் பதிப்பு வெளியானது. ஆர் மொழியில் 3 என்று தனியாக எழுதினாலும் அது ஒரே உறுப்புள்ள காவிதான். பைதானுக்கு இதே வசதியை நம்பை தந்தது.

சரி, ஏன் வேகம்? ஆர், பைதான் போன்ற மொழிகளில் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கணினி அதே விசாரணையைத் திரும்பச் செய்கிறது: இது எண்ணா எழுத்தா, எங்கே கிடக்கிறது, எந்தச் செய்கை? 6000 கட்டத்துக்கு 6000 விசாரணை. முழு அட்டவணைக்கு ஒரே கட்டளை கொடுத்தால் விசாரணை ஒரு தடவைதான். பிறகு சி அல்லது போர்ட்ரானில் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்த லூப் ஓடும். நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் எண்களை அது கூட்டமாக அள்ளி எடுக்கும்.

கவனித்தீர்களா? லூப் ஒழியவில்லை. இடம் மாறியது. கையிலிருந்து இயந்திரத்துக்கு, எங்கள் செய்நிரலிலிருந்து இன்னொருவர் எழுதிய செய்நிரலுக்கு.

இதை மறந்தால் ஆபத்து. ஆர் மொழியில் 240 பேரின் கிலோவை, தவறுதலாக 3 எண்கள் மட்டும் உள்ள கூலிப் பட்டியலால் பெருக்கினால் அது நிற்காது. மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பாவிக்கும். நாலாவது ஆளுக்கு மறுபடி முதலாவது கூலி. 240 மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் எச்சரிக்கைகூட வராது. (இதே இடத்தில் நம்பை பிழை காட்டி நிற்கும்.) ஒரு கட்டத்தில் நடக்கும் பிழை ஒருவரைப் பாதிக்கும். ஒரு கட்டளையில் நடக்கும் பிழை 240 குடும்பத்தையும் ஒரே நொடியில் பாதிக்கும்.

வெற்றுக் கட்டமும் அப்படித்தான். காய்ச்சலில் வராத நாளை 0 என்று போட்டால் அந்தப் பெண்ணின் சராசரி சரிந்துவிடும். 'தரவு இல்லை' என்று போட்டால் சரியாது. இரண்டும் வேறு வேறு நியாயம். கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரியும், காரணம் தெரியும். தாயத்துக்கு அது தெரியாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

லூப் எழுதியே ஆகவேண்டிய இடமும் உண்டு. முற்பணக் கடனில் ஒவ்வொரு மாத மீதியும் முந்திய மாத மீதியில் தங்கியிருக்கிறது, பூச்சியத்துக்குக் கீழேயும் போகக்கூடாது. அங்கே படிப்படியாகப் போவதே நேர்மையான வழி. அதோடு, ஆர் மொழியின் 3.4.0 பதிப்பு 2017 இல் வந்ததிலிருந்து லூப்களைத் தானாகவே மொழிபெயர்த்து ஓட்டுவதால், லூப் என்றாலே ஆமை என்ற பழைய பேச்சும் முழு உண்மையில்லை.

ஆகவே பிள்ளைகளே, இரண்டும் வேண்டும். முதலில் மூன்று பேர், நான்கு நாள் உள்ள சின்ன அட்டவணையைக் கையால் செய்யுங்கள். பிறகு லூப் எழுதுங்கள். பிறகு அதே வேலையைத் தாயமாக ஒரே வரியில் எழுதி, மூன்று விடைகளும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துவந்தால் 6000 கட்டத்தை நம்பி ஒப்படைக்கலாம். தமிழ்மொழியில் படிக்கிறோம், தோட்டப் பாடசாலையில் படிக்கிறோம் என்று பின்வாங்க இதில் ஒன்றுமில்லை. ஆர், பைதான் இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இந்த விஞ்ஞானத்துக்கு எங்கள் மலைகளின் கொழுந்து 90 வருடத்துக்கு முன்பே தரவு கொடுத்திருக்கிறது. அந்தத் தரவைப் பகுத்துப் பார்ப்பவர்களாக எங்கள் பிள்ளைகள் வரவேண்டும் என்பதே எங்கள் துஆ.