அனில்ஸ் கோஸ்ட்

கொழும்பில் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் ஆங்கில நாவல் (2000). தடயவியல் மானுடவியலாளரான அனில் திசேரா, பழங்கால எலும்புகளோடு கிடந்த அண்மைக்கால எலும்புக்கூடு ஒன்று யாருடையது என்று விடாமல் தேடுகிறாள். சந்தேகம் தனிமனிதன் மீதல்ல, இலங்கை அரசின் மீதே விழுவதால் இது துப்பறியும் கதையல்ல எனலாம். ஆனால் காலம், இடம், ஆள் என எலும்பிலிருந்தே நகரும் விசாரணை அந்த வகைக்கே உரியது. இலங்கையின் மன்னாரில் உண்மையில் நடந்ததோ நாவலுக்குத் தலைகீழ். 2018இல் சதொச அரசு விற்பனை நிலைய வளாகத்தில் தோண்டியெடுக்கப்பட்ட, குழந்தைகளுடையவை உட்பட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் உள்நாட்டுப் போர்க்காலத்தவை என்றே பலர் கருதினர். அமெரிக்காவின் புளோரிடா ஆய்வகம் ஒன்று அவற்றின் காலம் 1404–1635 என்றது. அறிவியலே சொல்லிவிட்டதே என்று வாதிடலாம்தான். அனுப்பப்பட்டவையோ ஆறே மாதிரிகள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அம்முடிவை ஏற்காததில் வியப்பில்லை.