வீட்டில் சோப்பு செய்வதற்கான பணியிடம்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

வீட்டுச் சோப்புத் தயாரிப்பு என்பது தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் காஸ்டிக் சோடாவோடு வினைபுரியவைத்துச் சிறிய அளவில் குளியல் சோப்பு செய்யும் கைத்தொழில். கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குச் சோப்புத் தொழில் அந்நியமானதல்ல. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் மைசூர் சமஸ்தானம் 1916-இல் அரசு சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே செய்த சந்தன சோப்பு இன்றும் இந்தப் பக்கத்து மளிகைக் கடைகளில் விற்கிறது. வீட்டில் செய்வோருக்கு வரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தில் போய் முடிகின்றன. காரத்தைக் கையாளும் இடமும் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் புழங்கும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் அது. கையுறையும் கண்ணாடியும் அவசியமே என்றாலும், இடம், பாத்திரம், நேரம் ஆகிய மூன்றையும் பிரித்துவைக்காத வீட்டில் அவை பாதிக் காவல்தான் தரும்.

சரியான அளவில் செய்து வினை முடிந்த சோப்பில் ஆபத்து இல்லை. அதற்கு முந்தைய கரைசலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதன் வெண்சில்லுகளை இரண்டு மடங்கு தண்ணீரில் போட்டுக் கிளறினால், அடுப்பே இல்லாமல் சில நிமிடங்களில் கரைசல் 80 டிகிரியைத் தாண்டும். முதலில் கலங்கலாகத் தெரிந்து, தொண்டையைக் கமறும் நீராவி எழும். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு அதைத் தண்ணீரிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. சமையல் மேடையில் ஒரு சொம்பில் ஆறவைத்திருக்கும் இந்தக் கரைசலை, அதாவது லை தண்ணீரை, ஒரு குழந்தை குடிநீர் என்று எடுத்துவிடலாம். காரம் விழுங்கப்பட்டால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிடுகிறது. அதன் விளைவு வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடும். தோலில் பட்டால் அமிலத்தைப் போல உடனே சுரீரென்று எரிய வேண்டும் என்பதில்லை. காரம் திசுக்களைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். வலி தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். கண்ணில் பட்டால் கருவிழி வெளுத்துப் பார்வையே போகலாம்.

வேலையைச் சமையலறைக்குள் இழுத்துவரும் காரணங்கள் இந்த வட்டாரத்தில் தெளிவாகவே தெரிகின்றன. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாதக் காலையில் எண்ணெய்க் கேன் கட்டியாகக் கிடக்கும். அதை உருக்க அடுப்பு வேண்டும், அடுப்பிருப்பது சமையலறை, ஆகவே மற்ற வேலையும் அங்கேயே நடந்துவிடுகிறது. குளிரால் இன்னொரு சிக்கலும் உண்டு. லை சேர்த்த எண்ணெய் குளிர்ந்து கெட்டிப்படுவதைப் பார்த்து, சோப்பு கூடிவிட்டது என்று அச்சில் ஊற்றிவிடுவார்கள். உள்ளே காரம் வினைபுரியாமல் அப்படியே இருக்கும். எண்ணெயை அடுப்பில் உருக்கி, 40 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வெளியே எடுத்துப்போய்க் கலப்பதே சரியான முறை. அடுப்பு வேலைக்கும் கார வேலைக்கும் நடுவே ஒரு வாசற்படியாவது இருக்க வேண்டும்.

பாத்திரத்திலும் இதே பிரிவினை தேவை. வீடுகளில் புழங்கும் அலுமினியக் குண்டானும் இண்டாலியச் சட்டியும் காரத்தோடு வினைபுரிந்து அரிக்கும்; அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். துத்தநாகம் பூசிய தகர வாளியும் கூடாது. எவர்சில்வரும், சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் ஏற்றவை. கண்ணாடிக் குடுவை திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. மிக்ஸி ஜாரில் போட்டு அடிக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது: மூடிய ஜாருக்குள் வெதுவெதுப்பான கரைசல் சுழலும்போது அழுத்தம் ஏறி மூடியைத் தள்ளும், அது தெறிப்பது நேராக முகத்தில். சோப்புக்கென வாங்கிய பாத்திரம், கரண்டி, கிராம் தராசு எதுவும் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. தராசு கட்டாயம் வேண்டும். கடலை எண்ணெய்க்குக் கிலோவுக்குச் சுமார் 135 கிராம் காரம் போதும். தேங்காய் எண்ணெய்க்கான அளவை அதற்குப் போட்டால் ஏறத்தாழ 48 கிராம் காரம் கட்டியிலேயே மிஞ்சி, குளிப்பவர் தோலைப் புண்ணாக்கும்.

எந்த இடம் ஏற்றது? பெரும்பாலான வீடுகளில் பின்புறத் துவைகல் பகுதிதான். அங்கே குழாய் இருக்கும், காற்று இருக்கும், சிந்தினால் கழுவிவிடலாம். மொட்டை மாடியும் ஆகும். ஆனால் காற்று வீசும் பக்கம் பார்த்து நிற்கக் கூடாது, சில்லு பறந்து கண்ணில் விழும். வேலை மேசை இடுப்பளவு உயரத்தில், ஆடாமல், செய்தித்தாள் விரித்து இருக்க வேண்டும். தண்ணீரில் சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சில்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சிதறும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் லை கலங்கிவிடும் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. முழுக்கைப் பருத்தி உடை, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, நைட்ரைல் கையுறை, பாதம் மூடிய செருப்பு ஆகியவை வேண்டும். துப்பட்டாவோ முந்தானையோ தொங்கக் கூடாது.

முதலுதவியை மேசை போடுவதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். காரம் பட்ட தோலைக் குறைந்தது 15 நிமிடமும் கண்ணை 30 நிமிடமும் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் மெல்லிய தாரையாக விட்டாலும் அரை மணி நேரத்துக்கு 45 லிட்டர் ஆகும், அதாவது மூன்று வாளி. மின்வெட்டில் மோட்டார் ஓடாத நேரத்தில் மேல்தொட்டி காலியாக இருந்தால் அந்த வீட்டில் அன்று லை கலக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் முறிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த நடுநிலையாக்கமே வெப்பம் உண்டாக்கும், தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டிய நேரத்தையும் தின்றுவிடும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காமல், வாயைக் கொப்பளிக்கச் செய்து 108-ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு கிலோ சோப்புக்குத் தேவையா என்பது நியாயமான கேள்வி. தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் பதில் கிடைக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35-ஆம் பிரிவில் கண் பாதுகாப்பை வலியுறுத்தியது. மின்சக்தியோடு இயங்கும் இடங்களில் 10 பேரும், இல்லாத இடங்களில் 20 பேரும் வேலை செய்தால்தான் அது பொருந்தியது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் முழுக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்பவர் மாலையில் வீட்டில் வெறுங்கண்ணோடு லை கலக்கினால் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. ஆனால் ஒரு துளிக் காரம் கருவிழியில் பட்ட இடத்தில் உடனே வேலையைத் தொடங்குகிறது. அதற்கு ஆள் கணக்கு தெரியாது. அளவு சிறிதானால் தீப்பற்றும் அபாயமும் புகையும் குறையும் என்பது உண்மை, தெறிப்பின் கடுமை குறையாது. ‘இயற்கை சோப்பு’ என்பதால் தீங்கில்லை என்பாரும் உண்டு. வேம்பும் கற்றாழையும் சேர்த்தாலும் காரம் இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது.

இடமே இல்லாதவர் என்ன செய்வது என்பதுதான் கனமான மறுப்பு. ஓசூரில் வேலைக்கு வந்து வரிசை வீடுகளில் ஓர் அறையும் பொதுக் குழாயுமாக வாழும் குடும்பங்களிடம் துவைகல் பகுதியைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. அவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே வினை முடிந்த சோப்பு பேஸை வாங்கி உருக்கி வார்ப்பது ஒன்று. அதில் காரமே கைக்கு வராது. சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து ஒரு கொட்டகையை லை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது மற்றொன்று. விற்பதற்காகச் செய்வோருக்கு இரண்டாவது வழி ஏறத்தாழக் கட்டாயமே. 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குளியல் சோப்பு அழகுசாதனச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும், உற்பத்தி இடம் குடியிருப்பாகவோ குடியிருப்போடு இணைந்ததாகவோ இருக்கக் கூடாது என்பதும் விதி. அந்த விதி சுகாதாரத்தைக் கருதி எழுதப்பட்டது; செய்பவரின் கண்ணையும் அது சேர்த்தே காக்கிறது.

காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் என்பதால் இறுக மூடிய கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில், பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். சில்லறையாக வாங்கிவந்த மெல்லிய உறையிலேயே விட்டுவிடக் கூடாது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் உருதுவும் புழங்கும் ஊர் இது. டப்பாவின் மேல் வீட்டிலுள்ளவர்கள் படிக்கும் மொழியில் ‘விஷம்’ என எழுதி, எழுத்தறியாதவருக்காக மண்டையோட்டுப் படத்தையும் ஒட்ட வேண்டும். கழிவு கடைசி வேலை. தென்பெண்ணை நீர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதைப் பார்த்த ஊருக்குச் சாக்கடையில் எதை விடலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சிய லை தண்ணீரைக் கொட்டாமல், அளவு பார்த்து அடுத்த கலவையில் சேர்க்கலாம். சோப்புக் குழம்பு ஒட்டிய பாத்திரத்தை உடனே கழுவாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு நாள் விட்டால் ஒட்டியதெல்லாம் சோப்பாகியிருக்கும். மறுநாள் கையுறை போட்டு, பழைய தாளால் வழித்தெடுத்தபின் கழுவலாம்.