பதிவுக் கடைகளும் இளையராஜாவின் பிற்காலப் பாடல்களும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், அதாவது காந்தப் பூச்சுள்ள நாடாவைச் சிறு பேழைக்குள் அடக்கிய ஒலிப்பதிவுச் சாதனம், தமிழகத்தில் பரவலான காலமும், 'அன்னக்கிளி' (1976) வழியாக அறிமுகமான இளையராஜா புகழின் உச்சியில் இருந்த காலமும் பெரும்பாலும் ஒன்றே. தருமபுரி–பென்னாகரம் சாலையிலுள்ள இண்டூரைப் போன்ற சிற்றூர்களின் இசைப் பிரியர்கள், தாளில் எழுதிய பாடல் பட்டியலை அருகிலுள்ள நகரத்தின் 'ரெக்கார்டிங் சென்டர்' எனப்பட்ட பதிவுக் கடையில் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்து வாங்கும் வழக்கம் 1980-களில் வேரூன்றியது. பதிப்புரிமைச் சட்டம் இதை ஏற்கவில்லை என்பதை இருதரப்பும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடமே உண்டு என்பதால், ஐந்து நிமிடப் பாடல்கள் ஆறுக்கு மேல் அடங்கா. ஆசைப்பட்டு ஏழாவதைத் திணித்தால் சரணத்தின் நடுவிலேயே நாடா தீர்ந்துவிடும்.

'ரோஜா' (1992) வெளிவந்தபின் பொதுக் கவனம் ஏ.ஆர்.ரஹ்மானை நோக்கித் திரும்பியபோது, 'காதலுக்கு மரியாதை' (1997), 'சேது' (1999), 'ஹே ராம்' (2000) எனச் சிதறிக் கிடந்த இளையராஜாவின் பிற்காலப் பாடல்களை ஒருங்கே கேட்க இத்தகைய தொகுப்பே எளிய வழி. அவரது இசை 1992-உடன் வற்றிவிட்டது என்ற மேலோட்டமான கருத்துக்கு இப்படங்களே போதிய மறுப்பு. இப்படித் தொகுத்த பதிவு அழியாதிருக்கப் பேழையின் மேல்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவர். மனம் மாறினால் அத்துளையில் ஒட்டுத்தாள் ஒட்டி மறுபடியும் பதிவர். எம்பி3 குறுந்தகடுகள் மலிந்ததும் இக்கடைகள் மறைந்தன.