மலைநாட்டு லொறியும் அதைப் பொருத்திய கைகளும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் இன்றும் எப்போதாவது ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி, விறகையோ கொழுந்துச் சாக்குகளையோ சுமந்துகொண்டு, வளைவுக்கு வளைவு முனகியபடி ஏறிச் செல்லக் காணலாம். அதன் முகத்தைப் பார்த்தவர் அதனை ஓர் ஆங்கிலேய வண்டி என்றே சொல்லுவர். முகம் ஆங்கில நாட்டினது என்பது மெய்தான். ஆனால் மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் வேறொரு தொழிற்சாலையில் வார்க்கப்பட்டதாயிருக்கும். கியர் பெட்டி மற்றொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டதாயிருக்கும். பின்னால் உள்ள மரப்பெட்டி உள்ளூர்த் தச்சரின் கைவேலை. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் இரும்புத் தட்டுகளோ எந்தத் தொழிற்சாலையின் வரைபடத்திலும் காணப்படாதவை. முழு வண்டியாக இது எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால், மலைநாட்டில் பிறந்தது என்பதே சரியான விடையாகும். அந்தப் பிறப்பின் வரலாற்றையே நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மலைநாட்டின் பயிர்த்தொழில் தொடக்கத்தில் மாட்டு வண்டியை நம்பியே நடந்தது. கோப்பிக் காலத்தில் கண்டிச் சீமையிலிருந்து கொழும்புக்கு மூட்டைகள் இறங்கியதும், அரிசி ஏறியதும் வண்டி மாடுகளின் தோளில்தான். 1867இல் புகைவண்டி கண்டியை எட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றி, அடுத்த இரு பத்தாண்டுகளில் அப்பயிரையே அழித்துவிட, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருப்புப்பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் சென்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற சிறு இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. ஆனால் மோட்டார் லொறியின் போட்டிக்கு ஆற்றாமல் 1940களில் அது மறைந்து போயிற்று.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். கோப்பிக் கொட்டை சில நாள் காத்திருக்கும். பச்சைக் கொழுந்து காத்திராது. பறித்த கொழுந்து சாக்கில் அழுந்தினால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே தோட்டத்தில் நாள்தோறும் நகர வேண்டிய சுமை, புகைவண்டி நிலையத்துக்குப் போகும் சுமையைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். செங்குத்தான சரிவுகளில் கம்பி கட்டி மூட்டைகளைச் சறுக்கி இறக்கியதுண்டு. ஆயினும் மலைக்கும் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலைக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் இடையே இருந்த அந்தச் சில மைல் தூரத்தை நிரப்ப வந்தது லொறிதான்.

அக்காலத்தில் லொறி பெரும்பாலும் முழு உடலோடு வந்திறங்குவதில்லை. சட்டமும், சக்கரங்களும், இயந்திரமும், முன்மூடியும் மட்டுமே கப்பலில் வரும். சாரதியின் அறையும் சுமைப்பெட்டியும் இங்கே தச்சரும் கொல்லரும் சேர்ந்து கட்டுபவை. ஆகையால் தொடக்க நாள் முதலே லொறி என்பது பாதி இறக்குமதி, பாதி உள்ளூர் உழைப்பு. தமிழ்நாட்டில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லொறிக்கு உடல் கட்டும் ஊர்களாகப் பெயர் பெற்றது இதே வழக்கத்தின் பயனாகும்.

சரி, இயந்திரத்தையே மாற்றிப் பொருத்தும் துணிவு மலைநாட்டில் எங்கிருந்து வந்தது? என் கருத்தில் அதன் விடை சாலையில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கு வேண்டிய விசையைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் நீர்ச்சக்கரமும் நீராவியும். பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்த கனத்த எண்ணெய் இயந்திரங்கள். கூரையின் கீழே ஓடும் நீண்ட தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி, கொழுந்தை உருட்டும் இயந்திரங்களையும் உலர்த்தும் இயந்திரங்களையும் ஓட்டின. இவற்றில் ஒன்று நின்றால் அன்றைய கொழுந்து முழுவதும் பாழ். தேய்ந்த தாங்கிக்கு வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிச் சுரண்டிச் சரிசெய்வதும், உடைந்த பல்சக்கரத்தை அளவெடுத்து வார்ப்பித்துக் கடைவதும் அங்கே வேலை செய்த பிட்டர்களின் அன்றாடக் கடமை. பட்டறைகளும் அருகிலேயே எழுந்தன. 1854இல் ஜோன் வாக்கர் கண்டியில் தமது இயந்திரத் தொழிலைத் தொடங்கினார். 1875இல் ஹட்டனில் தோட்டத்துரைமாரின் தேவைக்காகத் தொடங்கிய ஒரு பட்டறையே பின்னாளில் பிரவுண் கம்பெனி என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. இத்தகைய பட்டறைகளிலும் இயந்திர அறைகளிலும் எண்ணெய்க் குவளை ஏந்தும் பையனாக நுழைந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிட்டராக வெளிவந்த தொழிலாளர் பலர் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். கைதேர்ந்த தொழிலாளியை இலங்கையில் ‘பாஸ்’ என்கிறோமே, அச்சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் அதற்கு எசமானன் என்று பொருள். நம்மவரோ கையில் வேலை உள்ளவனுக்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டனர்.

இனி டீசலுக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரம் ஓர் அறையையே அடைக்கும் பருமனுடையது. அது லொறிக்குள் அடங்குவதற்கு, எரிபொருளைச் சிறு துளிகளாகப் பீச்சும் பம்பு செம்மைப்பட வேண்டியிருந்தது. 1932இல் இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் பிராங்க் பேர்கின்ஸ் தொடங்கிய நிறுவனம், பிறர் கட்டிய வண்டிகளில் பொருத்துவதற்கென்றே வேகமான சிறு டீசல் இயந்திரங்களைச் செய்தது. அவற்றுள் 1930களின் பிற்பகுதியில் வந்த ‘பி 6’ என்னும் ஆறு உருளை இயந்திரம், பெற்றோல் லொறிகளை டீசலுக்கு மாற்ற விரும்பியோரிடையே உலகெங்கும் பெயர் பெற்றது. 1950களில் அதனைச் சென்னையில் சிம்ப்சன் கம்பெனியாரும் செய்யத் தொடங்கினர். அந்தக் கம்பெனியில்தான் 1903இல் சாமுவேல் ஜோன் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டிச் சென்னை வீதியில் ஓட்டினார் என்பது ஒட்டு வண்டிகளின் வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

மலைச் சாலைக்கு டீசல் ஏற்றது என்பதற்குக் காரணம் எளிது. பெற்றோல் இயந்திரம் வேகமாகச் சுழன்றால்தான் வலுக்காட்டும். டீசல் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். எரிபொருட் செலவும் குறைவு. ஆனால் மாற்றுவது எளிதன்று. புதிய இயந்திரத்தின் பின்புறமும் பழைய கியர் பெட்டியின் முன்புறமும் பொருந்தா. இரண்டுக்கும் நடுவே ஒரு கனத்த தட்டை வெட்டி, இருபுறத்துத் துளைகளையும் அளந்து துளைக்க வேண்டும். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கிளட்ச் நடுங்கும். சில மாதங்களில் தாங்கி உடையும். டீசல் இயந்திரம் கனமானது. ஆகவே முன்பக்கத்து வில்லில் தகடு கூட்ட வேண்டும். அது குறைவான சுற்றில் ஓடுவதால், பின் அச்சின் பல்விகிதத்தை மாற்றாவிட்டால் வண்டி சமதரையில் ஆமையாகிவிடும். மலைநாட்டில் பலர் இதனைக் குறையாகவே எண்ணவில்லை. வேகமாகப் போவதற்குச் சமதரை எங்கே இருக்கிறது?

உண்மையான ஆபத்து வேறொன்றில் ஒளிந்திருந்தது. அது பிரேக். அக்காலத்து நடுத்தர லொறிகள் பலவற்றில், சாரதியின் காலுக்குத் துணையாக ஒரு வெற்றிடக் கலம் பிரேக்கை அழுத்தும். அந்த வெற்றிடம் பெற்றோல் இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து இலவசமாகக் கிடைப்பது. டீசல் இயந்திரத்திலோ அது போதிய அளவு உண்டாவதில்லை. இதை அறியாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றிவிட்டால், லொறி மேட்டில் அழகாக ஏறும்; இறக்கத்தில் சாரதி மிதித்தால் மிதி கல்லாக நிற்கும்; ஐந்து தொன் சுமை அவனைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகையால் நல்ல பாஸ் முதலில் தேடியது இயந்திரத்தை அன்று. அதனோடு சேர்ந்து சுழன்று வெற்றிடத்தை ஆக்கும் தனிப் பம்பை. அது கிடைக்காமல் வேலையைத் தொடங்காதவனே தொழில் தெரிந்தவன். எல்லா ஒட்டு வேலையும் நல்ல வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பம்பு இல்லாமலும், தேய்ந்த கம்பிக் கயிற்றை நம்பியும் சாலைக்கு அனுப்பப்பட்ட வண்டிகள் உண்டு. இறம்பொடைப் பள்ளத்தாக்கும் கினிகத்தேனை வளைவுகளும் அத்தகைய தவறுகளை மன்னிப்பதில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக எரியும் அளவு எரிபொருள் அங்கே முழுவதும் எரியாமல் கரும்புகையாகப் போகும். பம்பின் அளவைச் சிறிது குறைத்து வைப்பதே அதற்கு மருந்து. சனவரி மாதத்துப் பனிக்காலையில் உறைந்துகிடக்கும் இயந்திரத்தை எழுப்புவது அதனினும் கடினம். காற்றுக் குழாயின் வாயில் எரியும் துணிப்பந்தம் ஒன்றைக் காட்டிக்கொண்டே சுழற்றுவது பழைய வழக்கம்.

இவ்வேலைகளுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வரலாறே. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல், தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனையில் இருந்தது. போர் முடிந்த பின் படையினரின் உபரி வண்டிகளும் உதிரிப்பாகங்களும் ஏலத்துக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1970 முதல் 1977 வரை அது மிக இறுகியது. புதிய லொறி என்பது கனவாயிற்று. அதே காலத்தில், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஒரு லொறியை நிறுத்தி வைத்து அதன் உறுப்புகளால் மற்ற இரண்டை ஓட்டுவது அக்கால நடைமுறை. இத்தகைய கைவன்மையை இலங்கையர் பிற்காலத்திலும் கண்டனர். 1990களில் எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

தோட்டத்து லொறி கொழுந்தையும் தேயிலைப் பெட்டியையும் மட்டும் சுமக்கவில்லை. மேலே ஏறும்போது அரிசியும் மாவும் உரமும் அதில் வந்தன. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை நகரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பல தோட்டங்களில் அதைவிட வேறு வண்டி இருந்ததில்லை. வைக்கோலோ சாக்கோ விரித்து, இருபுறமும் உறவுப் பெண்கள் அமர்ந்து அவளைப் பிடித்துக்கொள்ள, அந்த மரப்பெட்டியில் அவள் இறங்குவாள். சில குழந்தைகள் ஆசுபத்திரியை எட்டும் முன்பே, வழியிலேயே பிறந்துவிட்டன. வெற்றிடப் பம்பு பொருத்திய பாஸின் மனைவியும் மகளும் அவ்வழியே போனவர்கள்தாம் என்பதை நினைத்தால், அவன் அந்த வேலையில் காட்டிய கண்டிப்பின் காரணம் விளங்கும்.

நேயர்களே, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஒவ்வொரு வண்டியையும் பதிவேட்டில் ஏற்றியது. சட்டத்தின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் அதில் குறிக்கப்படும். இயந்திரம் மாறினால் அறிவித்து, பழைய இலக்கத்தை நீக்கிப் புதியதை எழுதிக்கொள்ளலாம். பீற்றர்பரோவில் பிறந்த இயந்திரம் இவ்வாறு ஒரு வரித் திருத்தத்தில் இந்நாட்டு வண்டியின் உறுப்பாயிற்று. அதனைப் பொருத்தியவனுக்கோ அத்தகைய வரி எளிதில் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுமார் 8,25,000 பேர் பதிவு கோரினர். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் வந்தது.

பெயர் வந்த குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடு ஹட்டன் நிலையத்துக்கும் நானுஓயா நிலையத்துக்கும் இறங்கின. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லுவர். போனவர்களுள் கொழுந்து பறித்தவரும் இருந்தனர். இயந்திர அறையில் வளர்ந்தவரும் இருந்தனர். தாயகம் திரும்புவோருக்கென 1968இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் அவர்களுள் பலருக்கு வேலை கொடுத்தன. இங்கே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலை முற்றும் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

1977க்குப் பின் இறக்குமதி திறந்தது. ஜப்பானியப் பழைய லொறிகள் வந்து குவிந்தன. பெட்ஃபோர்ட் மூடிக்குள் இப்போது ஜப்பானிய இயந்திரம் குடிபுகுந்தது. தட்டு வெட்டும் வேலை மட்டும் மாறவில்லை. கண்டிக்கு அருகே ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்குச் செல்பவர், தொழிற்சாலைகளை ஓட்டிய பழைய இயந்திரங்களை அங்கே காணலாம். செய்தவரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் படிக்கலாம். லொறிகளின் இணைப்புத் தட்டுகளில் பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்ததில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. தடை படிப்படியாகத் தளர்ந்து 2025இல்தான் தனியார் கார்கள் மறுபடி வந்தன. அந்த இடைக்காலத்தில் மூலையில் துருவேறிக் கிடந்த வண்டிகளைப் பலர் மீண்டும் பட்டறைக்கு இழுத்து வந்தனர். 2022இல் டீசல் தட்டுப்பாடு உச்சத்தை அடைந்தபோது, அரசாங்கம் ஒவ்வொரு வண்டிக்கும் வார அளவு வகுத்து அனுமதிக் குறி வழங்கியது. அதனைப் பெறுவதற்கு வண்டியின் பதிவெண்ணையும், உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையும், சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் கொடுக்க வேண்டும். இயந்திரம் எந்த ஊரினது என்று எவரும் கேட்கவில்லை.