எதில் மூன்று சதவீதம்?

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று மத்திய அரசு வெளியிடும் பணிப் பட்டியலில் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். உட்கார ‘எஸ்’, நிற்க ‘எஸ்டி’, குனிய ‘பிஎன்’, பார்க்க ‘எஸ்இ’, விரல்களால் கையாள ‘எம்எஃப்’. பக்கத்துக் கட்டத்தில், அந்த வேலைக்கு யார் பொருந்துவார் என்ற குறிப்பு: ஒரு கால் பாதிக்கப்பட்டவர் என்றால் ‘ஓஎல்’, பார்வையற்றவர் என்றால் ‘பி’. அந்தக் கட்டத்தில் ‘பி’ இல்லையா, பார்வையற்றவர் விண்ணப்பம் போடுவதே வீண்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் வேலை உரிமைக்காக நாற்பது ஆண்டுகள் நடந்த போராட்டம், பெரும்பாலும் இந்தக் கட்டங்களோடு நடந்ததுதான். மூன்று சதவீதம் என்பதை அரசு 1977லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. எதில் மூன்று சதவீதம் என்று கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இந்த எண்ணுக்கு இங்கிலாந்தில் ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பியவர்களை எங்கே வேலைக்கு வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அந்நாடு 1944ல் ஒரு சட்டம் போட்டது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் 3 சதவீத இடத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1946ல் லிஃப்ட் இயக்குபவர், கார் நிறுத்துமிடப் பணியாளர் என்ற இரண்டு வேலைகள் இவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. நாட்டுக்காகக் காலை இழந்தவருக்கு அரசின் கற்பனை லிஃப்ட் வாசல்வரைதான் போனது! சட்டத்தை மீறிய முதலாளிகள்மேல் போட்ட வழக்குகளோ மிகச் சொற்பம். கடைசியில், பாகுபாட்டைத் தடை செய்யும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அந்த ஒதுக்கீட்டையே இங்கிலாந்து கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில்தான் இந்திய நாடாளுமன்றம் 3 சதவீதத்தைச் சட்டமாக்கியது.

அதற்கு முன்பு இங்கே இருந்தது வெறும் அரசாணை. 1977 நவம்பரில் வந்த அந்த ஆணை, பார்வையற்றோர், காது கேளாதோர், கை கால் பாதிக்கப்பட்டோர் என மூன்று பிரிவினருக்கும் தலா 1 சதவீதம் கொடுத்தது. ஆனால், குரூப் சி, குரூப் டி பதவிகளில் மட்டும். எழுத்தரும் கடைநிலை ஊழியரும் ஆகலாம். அதிகாரி ஆக முடியாது. பார்வையற்றவர் என்றாலே பிரம்பு நாற்காலி பின்னுவார், டெலிபோன் ஆபரேட்டராக இருப்பார், பாட்டு வாத்தியார் ஆவார் என்று நினைத்துப் பழகிய காலம் அது. வேலை கேட்டு 1980 மார்ச்சில் டெல்லியில் ஊர்வலம் போன பார்வையற்றவர்கள் போலீசாரின் தடியடிக்கு ஆளானார்கள்.

அதிகாரப் பதவிகளின் கதவு 1993ல் கொஞ்சம் திறந்தது. பிரெய்லி முறையிலோ, சொல்வதை எழுதும் உதவியாளரை வைத்துக்கொண்டோ பார்வையற்றோர் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு. அதற்காக வாதாடிய எஸ்.கே. ருங்டாவும் பார்வையற்றவர். இந்தக் கதையில் அவர் பெயர் மறுபடியும் வரும்.

1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருந்தன. ஏற்ற பணிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்றது 32ஆம் பிரிவு. 3 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்றது 33ஆம் பிரிவு. அதிகாரிகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். மேல்நிலையில் உள்ள ஏ, பி பிரிவுகளில், அடையாளம் கண்ட பதவிகளின் காலியிடங்களை வைத்து மட்டும் கணக்கிட்டால் போதும் என்றது 2005 டிசம்பர் ஆணை.

ஒரு பேச்சுக்கு, ஒரு துறையில் ஆயிரம் காலியிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் கணக்கிட்டால் 30 பேருக்கு வேலை. பட்டியலில் ஏறியவை இருநூறுதான் என்றால் 6 பேருக்கு. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் 24 பேரின் வேலையை ஒரு பட்டியல் விழுங்கிவிடும்.

2006ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் தேறிய பார்வையற்ற ஒருவருக்கு இடமில்லை என்றார்கள். அடையாளம் காணும் வேலை தாமதமாகத்தான் முடிந்தது, ஆகவே பழைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பது அரசின் வாதம். பட்டியல் போடாததையே காரணம் காட்டி ஒதுக்கீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2010ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. மூன்று ஆண்டு கழித்து, 2013 அக்டோபர் 8 அன்று, ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு முடிச்சையே அவிழ்த்தது. எல்லாப் பிரிவுகளிலும் பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களில்தான் 3 சதவீதம். மூன்று மாதத்துக்குள் ஆணையைத் திருத்த வேண்டும். அந்த வழக்கிலும் கூட்டமைப்புக்காக வாதாடியவர் ருங்டாதான். 1993க்கும் 2013க்கும் இடையே இருபது ஆண்டுகள். அரசு வேலைக்கான வயது வரம்பை வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறையே விண்ணப்பிக்கும் வயதைக் கடந்துவிட்டது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தீர்ப்பின் கணக்கையே தன் வாசகமாக்கிக்கொண்டு, ஒதுக்கீட்டை 4 சதவீதம் ஆக்கியது. புதிதாக வந்த அந்த ஒரு சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கும் பல குறைபாடுகள் சேர்ந்திருப்பவர்களுக்கும் உரியது. எந்த இடம் யாருக்கு என்று வரிசைப்படி குறிக்கும், நூறு இடம் கொண்ட ரோஸ்டர் இப்போது இருபத்தைந்து இருபத்தைந்தாக நான்கு கூறு; ஒவ்வொரு கூறிலும் ஓர் இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின் 2015ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மை உள்ள ஒருவர் அந்தப் பணிக்குப் போனது அதுவே முதல் முறை. ஆனால், உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால்தான் தகுதி என்று தமிழக அரசு வைத்த வரம்பை 2019ல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையை 2021ல் இன்னொரு அமர்வு ஏற்க மறுத்தது. வேலையைச் செய்யத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தருவது அரசின் கடமை என்பதை 2019 தீர்ப்பு கருதிப் பார்க்கவே இல்லை என்பதுதான் காரணம். 2025 மார்ச்சில், மத்தியப் பிரதேச வழக்கில், பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். ஆறே ஆண்டில் நீதிமன்றம் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது நல்லதே. இடையில் வரம்பைப் பார்த்துப் பின்வாங்கியவர்களைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் கணக்கில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். நாட்டளவில் இவர்களில் ஏதாவது வேலையில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 36 சதவீதம். அரசு வேலை இவர்கள் எல்லோருக்கும் எட்டாது. தனியாருக்கு 2016 சட்டம் சொல்வது 35ஆம் பிரிவில் இருக்கிறது: ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு சலுகை கொடுத்து ஊக்குவிக்க வேண்டும், அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. அந்த ஐந்துக்கு ரோஸ்டரும் கிடையாது, தராத முதலாளிக்கு அபராதமும் கிடையாது.