சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு கான்சாஹேப்

சர்க்கஸ் ஊருக்கு வந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது. ராத்திரி சாப்பாடு முடிந்து மொட்டை மாடிக்குப் போனால், சர்ச்லைட் வெளிச்சம் வானத்தைத் துடைப்பம் போட்டுக் கூட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை தெருவில் யானை வரும். காற்று சாதகமாக இருந்தால் சிங்கத்தின் கர்ஜனை வீடு வரைக்கும் கேட்கும். நம் அங்கத்தினர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும், நாக்பூரில் வளர்ந்தாலும் ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தாலும், இந்த அனுபவம் பொதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்திய சர்க்கஸ் என்றதும் தலைச்சேரியைத்தான் சொல்வோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உத்தியோக நிமித்தம் சாங்க்லியில் நான்கு வருஷம் இருந்தபோது பக்கத்து வீட்டு மராட்டியப் பெரியவர் ஒருவர் என்னைத் திருத்தினார். "தலைச்சேரி அது வளர்ந்த வீடு, பிறந்த வீடு எங்கள் பக்கம்" என்றார். அன்று ஆரம்பித்த விசாரணையின் பலன்தான் இந்தக் கட்டுரை.

பிறந்த வீட்டுக்காரரின் பெயர் விஷ்ணுபந்த் சத்ரே. மராட்டிய பிராமணர். வாலிபத்தில் வீட்டை விட்டுக் குவாலியர் போனார். அங்கே இரண்டு பாடங்கள் அவருக்குக் கிடைத்தன. பாபாசாஹேப் ஆப்டே என்பவரிடம் குதிரையேற்றம்; குவாலியர் கராணாவின் பெரிய வித்வானான ஹத்து கானிடம் சங்கீதம். இரண்டையும் ஒருவரே சிரத்தையாகக் கற்பது அபூர்வம். பிறகு தென் மராட்டிய சமஸ்தானம் ஒன்றில் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளராகவும் சவாரி ஆசிரியராகவும் இருந்தார்.

1879இல் இத்தாலியரான ஜுஸெப்பே கியாரினியின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. சமஸ்தானாதிபதியுடன் விஷ்ணுபந்தும் பார்க்கப் போனார். இந்தியர்களுக்குச் சொந்தமாக ஒரு சர்க்கஸ் அமைய இன்னும் பத்து வருஷமாவது ஆகும் என்று கியாரினி சொன்னதாகவும், அதை விஷ்ணுபந்த் சவாலாக எடுத்துக்கொண்டதாகவும் கதை வழங்குகிறது. இப்படிப்பட்ட கதைகள் சொல்லச் சொல்ல வளர்பவை. கியாரினி வாயைத் திறக்காமலே இருந்திருந்தாலும் விஷ்ணுபந்துக்கு ஆசை வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் சர்க்கஸ் என்பதே ஆதியில் குதிரைக்காரர்களின் கலை. 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற பழைய குதிரைப்படை வீரர்தான் வட்டத்தில் குதிரையை ஓடவிட்டு அதன் முதுகில் நின்று காட்டினார். வட்டத்தில் ஓடும்போது மனிதன் சற்று உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால், வெளியே தள்ளும் விசை அவனை விழாமல் தாங்கிக்கொள்கிறது. அதற்குத் தோதான அளவாக நிலைத்ததுதான் 42 அடி விட்டம். சிங்கம், கோமாளி, பார் விளையாட்டு எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. தாம் தினமும் செய்யும் காரியத்துக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதை விஷ்ணுபந்த் பம்பாயில் கண்ணால் பார்த்துவிட்டார்!

பத்து வருஷம் எல்லாம் ஆகவில்லை. 1880 மார்ச் 20ஆம் தேதி அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸின் முதல் காட்சி நடந்தது. குதிரை வித்தைகள் அவர் பொறுப்பு. அவருடைய மனைவி ஊஞ்சல் பாரில் ஆடியதோடு மிருகங்களையும் பழக்கினார் என்று சர்க்கஸ் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1880களில் அந்தக் குலத்துப் பெண்மணி ஒருத்தி முன்பின் தெரியாதவர்கள் எதிரே அந்தரத்தில் தொங்குவதென்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்களை நினைத்தால் புரியும். ஆனால் வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு வரிதான்.

சர்க்கஸ் ஊர் ஊராகப் போயிற்று. 1887இல் தலைச்சேரியில் கூடாரம் போட்டபோது, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கே வந்தார். களரிப்பயிற்றும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் அவர். சர்க்கஸுக்கு ஆட்களைத் தயார் செய்து தரும்படி விஷ்ணுபந்த் கேட்க, மறு வருஷமே குஞ்ஞிக்கண்ணன் பயிற்சியை ஆரம்பித்தார். 1901இல் சிறக்கரையில் முறையான சர்க்கஸ் பள்ளியே ஏற்பட்டது. 1904இல் அவருடைய சிஷ்யர் பரியாளி கண்ணன் கிராண்ட் மலபார் சர்க்கஸைத் தொடங்கினார். அது அதிக நாள் நிலைக்கவில்லை; ஆனாலும் வழி திறந்துவிட்டது. குஞ்ஞிக்கண்ணன் 1939இல் காலமானபோது, தேசத்துச் சர்க்கஸ்களில் பெரும்பாலானவற்றில் அவருடைய சிஷ்யப் பரம்பரை இருந்தது. சர்க்கஸை இங்கே கொண்டுவந்த பெருமை விஷ்ணுபந்துக்கு என்றால், அது நூறு வருஷம் நிலைத்த பெருமை இந்த வாத்தியாருக்குத்தான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய காரியம்.

இனி, சாங்க்லிப் பெரியவர் கண்ணில் ஜலம் வர எனக்குச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விஷ்ணுபந்தின் குரு ஹத்து கானுக்கு ரஹ்மத் கான் என்று ஒரு பிள்ளை. அபாரமான சாரீரம். தகப்பனாரும் தமையனும் போன பிறகு அவர் அபினுக்கு அடிமையாகி, சித்தம் கலங்கித் தெருத்தெருவாக அலைய ஆரம்பித்தார். காசியில் அந்தக் கோலத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டார் விஷ்ணுபந்த். குருவின் பிள்ளை ஆயிற்றே! தானமாகப் பணம் கொடுத்து நகர்ந்துவிடவில்லை. கூடவே அழைத்துக்கொண்டு வந்து சர்க்கஸில் வைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் குதிரைகள், ஒரு பக்கம் கூண்டுகள், மூட்டை மூட்டையாகக் கான்வாஸ். அதன் நடுவே தம்பாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கான்சாஹேப். தாமாகப் பாட மாட்டார், விஷ்ணுபந்த் சொன்னால்தான் பாடுவார் என்பார்கள். சர்க்கஸ் போகும் ஊர்களில் அவருக்குக் கச்சேரிகளும் ஏற்பாடாயின. சித்தம் முழுக்கத் தெளியாவிட்டாலும் சுருதியும் ராகமும் அவரை விட்டுப் போகவில்லை. 'பூகந்தர்வ' என்று பட்டமே வழங்கிற்று. அந்த நாளைய இசைத்தட்டுகளில் அவர் குரல் இன்னும் இருக்கிறது. வயதான குரல்தான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குரல் பலரைப் பாதித்தது. முக்கியமாக, கிரானா கராணாவின் அப்துல் கரீம் கான் அவர் பாணியில் மனதைப் பறிகொடுத்தவர். கர்நாடக சங்கீதத்தின் மேல் பிரியம் வைத்து நம் பக்கம் வந்துகொண்டிருந்த அதே அப்துல் கரீம் கான்தான். 1937இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் பிரிந்தது. அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு சர்க்கஸ் கூடாரம் ஞாபகம் வருவது மற்றவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம்.

விஷ்ணுபந்துக்குப் பிறகு குடும்பத்தைச் சேர்ந்த காசிநாத்பந்த் பொறுப்பேற்றார். குதிரை, கூடாரத்தோடு கான்சாஹேபையும் பராமரிக்கும் கடமை அவருக்கு வந்து சேர்ந்தது. கைவிடவில்லை. ரஹ்மத் கான் 1922இல் குருந்த்வாடில் காலமானார். சொத்தைப் பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இப்படி ஒரு பொறுப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்ட குடும்பம் இது.

அதற்காக, சர்க்கஸ் குடும்பம் என்ற சொல்லை நான் முழுக்கக் கொண்டாடத் தயாராக இல்லை. முதலாளியின் குடும்பம் வேறு, கூடாரத்தில் ஆடியவர்களின் குடும்பம் வேறு. ஏழை வீட்டுக் குழந்தைகள் சிறு வயதிலேயே கொண்டுவந்து விடப்பட்டார்கள். சிறுவனாக இருந்தபோது ஒரு சர்க்கஸில் (பெயர் வேண்டாம்) என் வயதுப் பெண் ஒருத்தி பாரிலிருந்து தவறி வலையில் விழுந்ததைப் பார்த்தேன். எழுந்து சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னாள். நாங்கள் கை தட்டினோம். அவள் மறுபடி ஏணியில் ஏறும்போது கால் நடுங்கியதை முன் வரிசையில் இருந்த நான் பார்த்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011இல். அவளுக்கு அதற்குள் பேரக் குழந்தைகள் பிறந்திருக்கும்.

பிந்தைய கதை பலருக்கும் தெரிந்ததே. வாசன் 'சந்திரலேகா'வில் (1948) நிஜ சர்க்கஸையே கொண்டுவந்து நிறுத்தினார். ஜெமினி சர்க்கஸும் அவருடையது என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், சம்பந்தமே இல்லை. ராணுவத்திலிருந்து வந்து பார் விளையாடிய தலைச்சேரிக்காரர் எம்.வி. சங்கரன், ஒரு கூட்டாளியுடன் நொடித்துப்போன விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கி, தம் மிதுன ராசியின் பெயரை வைத்து, 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பில்லிமோராவில் ஆரம்பித்தது அது. 1977இல் ஜம்போ சர்க்கஸும் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. சங்கரன் 2023 ஏப்ரலில், 98ஆம் வயதில் காலமானார்.

1998இல் வந்த மத்திய அரசு அறிவிப்பு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் கூடாரத்திலிருந்து விலக்கியது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அறிவிப்பை உறுதி செய்தது. பிற்பாடு யானையும் இல்லை. கூட்டம் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் சின்னக் கூண்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்த சிங்கத்தைக் கிட்டத்தில் பார்த்த எவரும் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. சில வருஷங்களுக்கு முன் பேரனை ஒரு சர்க்கஸுக்கு அழைத்துப்போனேன். பாதி நாற்காலிகள் காலி. கடைசியில் இரண்டு குதிரைகள் வந்தன. ஒரு பையன் அதில் ஒன்றின் முதுகில் எழுந்து நின்று, கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்தபடி வட்டத்தைச் சுற்றி வந்தான். பேரன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "தாத்தா, அவன் எப்படி விழாமல் இருக்கான்?" என்று கேட்டான்.